இரண்டாவது கயிறு: உயர்மாடிச் சுவர்களில் தொங்கும் உயிர்கள்

காலி வீதியில் பம்பலப்பிட்டிக்கும் தெஹிவளைக்கும் இடையில் பயணம் செய்வோர் அடிக்கடி காணக்கூடிய காட்சியொன்று உண்டு. பத்து மாடித் தொடர்மாடிக் கட்டடமொன்றின் வெளிச்சுவரில் ஒரு மனிதர் தொங்கிக்கொண்டிருப்பார். அவர் அமர்ந்திருப்பது ஒரு சிறு பலகை. அருகில் கயிற்றில் கட்டப்பட்ட வர்ண வாளி. கீழே பஸ்ஸுக்காகக் காத்து நிற்போர் ஒரு கணம் அண்ணாந்து பார்த்து, 'எப்படித்தான் பயமில்லாமல் தொங்குகிறார்களோ' என வியந்துவிட்டுத் தத்தமது அலுவலைக் கவனிக்கப் போய்விடுகின்றனர்.

அந்த வியப்பு இயல்பானதே. ஆயினும் அங்கு கேட்கப்பட வேண்டிய கேள்வி அம்மனிதரின் துணிச்சலைப் பற்றியதல்ல. அவர் எத்தனை கயிறுகளில் தொங்குகிறார் என்பதே கேள்வியாகும். ஒரு கயிறா, இரண்டு கயிறுகளா? வீதியிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே காட்சியாகவே தோன்றும். ஆனால் ஒன்று, உலகின் பல நாடுகள் ஏற்றுக்கொண்ட ஒழுங்குமுறையான தொழில். மற்றையது, ஓர் உயிரை ஒரேயொரு முடிச்சில் பணயம் வைக்கும் செயல்.

வானை நோக்கி வளரும் நகரம்

கொழும்பு கடந்த மூன்று தசாப்தங்களில் மேல்நோக்கி வளர்ந்த நகரமாகும். 1997இல் திறக்கப்பட்ட உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் 152 மீற்றர் உயரமானவை. அன்று அவை நாட்டின் அதியுயர் கட்டடங்களாக விளங்கின. இன்று 240 மீற்றர் உயரமான குடியிருப்புக் கோபுரம் பேரை வாவியின் கரையில் நிற்கிறது. 2022 செப்டெம்பரில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட தாமரைக் கோபுரம் 350 மீற்றரையும் தாண்டியது.

இவை நாளிதழ்களின் முதற்பக்கத்துக்கு வரும் கட்டடங்கள். முதற்பக்கத்துக்கு வராத கட்டடங்களே எண்ணிக்கையில் அதிகம். கொள்ளுப்பிட்டி முதல் தெஹிவளை வரை கடற்கரையை ஒட்டி எழுந்துள்ள நடுத்தர உயரத் தொடர்மாடிகளில்தான் எமது வாசகர்கள் பலர் வாழ்கின்றனர். இவற்றின் சுவர்களை உப்புக் காற்று நாளும் பொழுதும் அரிக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவக்காற்று, மழைநீரைச் சுவரின் வெடிப்புகளுக்குள் செலுத்துகிறது. உள்ளே புகும் ஈரம் கொங்கிறீற்றுக்குள் இருக்கும் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துருப்பிடித்த இரும்பு பருத்து, தன்னை மூடியுள்ள சாந்தைப் பிளந்து தள்ளுகிறது. எட்டாம் மாடியிலிருந்து விழும் ஒரு கைப்பிடி அளவான சாந்துத் துண்டு கூட நடைபாதையில் செல்பவரின் உயிரைக் குடிக்கப் போதுமானது. ஆகவே வெளிச்சுவர்ப் பராமரிப்பு என்பது அழகு சம்பந்தப்பட்ட விடயம் மட்டுமன்று. யாரேனும் ஒருவர் அந்தச் சுவரருகே சென்றேயாக வேண்டும்.

செல்வதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, நிலத்திலிருந்து சாரம் கட்டுவது. பாரமான வேலைகளுக்கு அதுவே உகந்தது. ஆனால் உயரம் கூடக்கூட அதன் செலவும் காலமும் கூடுகின்றன. ஒடுங்கிய ஒழுங்கைகளில் அதற்கு இடமும் இராது. இரண்டாவது, மொட்டைமாடியிலிருந்து இரும்பு வடங்களில் இறக்கப்படும் கொண்டோலா எனும் தொங்குமேடை. பெரிய அலுவலகக் கோபுரங்களில் இது கட்டடத்தோடு சேர்த்தே அமைக்கப்படுகிறது. நடுத்தரத் தொடர்மாடிகளில் அத்தகைய ஏற்பாடு அரிது. எஞ்சுவது மூன்றாவது வழியான கயிறு. சில மணித்தியாலங்களில் பொருத்திவிடலாம், வேலை முடிந்ததும் கழற்றிச் சென்றுவிடலாம், செலவும் குறைவு. நகரத்தில் கயிற்றில் தொங்குவோர் பெருகியதன் காரணம் இதுவே.

குகைகளிலிருந்து வந்த தொழில்நுட்பம்

கயிற்றின் வழியே சுவரை அடைந்து வேலை செய்யும் இம்முறை இன்று ஒரு தனித் தொழிற்றுறையாகும். அதன் மூலம் கட்டட நிர்மாணத்தில் இல்லை. ஐரோப்பாவில், குறிப்பாகப் பிரான்ஸின் அல்ப்ஸ் மலைப்பகுதியில், ஆழ்குகைகளை ஆராய்ந்தவர்கள் கயிற்றில் இறங்கவும் ஏறவும் படிப்படியாக உருவாக்கிய நுட்பங்களே அதன் ஊற்று. 1980களில் வடகடலின் எண்ணெய்க் கிணற்று மேடைகளுக்கு இந்நுட்பங்கள் சென்றன. நடுக்கடலில் சாரம் கட்டுவது பெருஞ்செலவும் பேராபத்தும் நிறைந்ததாக இருந்தமையே அதற்குக் காரணம். அத்தசாப்தத்தின் இறுதியில் பிரித்தானியாவில் இத்துறை நிறுவனங்கள் ஒன்றிணைந்து ஐராட்டா எனப்படும் அமைப்பை உருவாக்கின. இன்று பல நாடுகளில் அவ்வமைப்பின் பயிற்சியும் சான்றிதழும் இத்தொழிலுக்கான அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றன.

குகை ஆராய்வோர் பெரும்பாலும் ஒரே கயிற்றை நம்பியவர்கள். அது அவர்கள் விரும்பி ஏற்ற ஆபத்து. தொழிலாக மாறியபோது அது போதாது என உணரப்பட்டது. கூலிக்காக இறங்கும் மனிதன் ஆபத்தை விரும்பி ஏற்றவனல்லன். இந்த வேறுபாட்டிலிருந்துதான் இரண்டாவது கயிறு பிறந்தது.

இம்முறையின் அடிப்படை மிக எளிமையானது. தொழிலாளியின் உடற்பட்டியுடன் இரண்டு கயிறுகள் தொடர்புபட்டிருக்கும். முதலாவது வேலைக் கயிறு. அதில் இறங்கு கருவி பொருத்தப்பட்டிருக்கும். கையை விட்டுவிட்டால் அது தானாகவே பூட்டிக்கொண்டு நின்றுவிடும். இரண்டாவது காப்புக் கயிறு. அதில் இன்னொரு கருவி தொழிலாளியோடு கூடவே ஓசையின்றி நகர்ந்து வரும். வேலைக் கயிறு அறுந்தாலோ இறங்கு கருவி பிழைத்தாலோ அக்கருவி காப்புக் கயிற்றைக் கவ்விப் பிடித்து அவரைத் தாங்கிக்கொள்ளும். இவ்விரு கயிறுகளும் வெவ்வேறு பிணைப்புப் புள்ளிகளில் கட்டப்பட வேண்டும் என்பது இதில் மிக முக்கியமானதாகும். ஒரே கம்பியில் கட்டிய இரண்டு கயிறுகள், அக்கம்பி பிடுங்கப்படும்போது இரண்டுமே பயனற்றுப் போகும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2001ஆம் ஆண்டின் பணிப்பாணையொன்றின் மூலமும், பிரித்தானியா 2005ஆம் ஆண்டின் உயரத்தில் வேலை செய்தல் தொடர்பான ஒழுங்குவிதிகளின் மூலமும் இதனைச் சட்டமாக்கின. தனித்தனியே பிணைக்கப்பட்ட இரு கயிறுகள் என்பதே பொது விதி. இரண்டாவது கயிறு ஆபத்தை அதிகரிக்கும் என ஆராய்ந்து நிறுவக்கூடிய விதிவிலக்கான சந்தர்ப்பங்களில் மட்டுமே ஒற்றைக் கயிறு அனுமதிக்கப்படுகிறது. செலவு அதிகம் என்பது அத்தகைய விதிவிலக்குகளில் ஒன்றல்ல.

கயிறு ஏன் அறுகிறது?

இத்தொழிலுக்கெனத் தயாரிக்கப்படும் கயிறு பெரும்பாலும் பத்து, பதினொரு மில்லிமீற்றர் விட்டமுடையது. நைலோன் இழைகளாலான உள்ளகமும் அதனை மூடிய பின்னலுறையும் கொண்டது. ஐரோப்பிய நியமத்தின்படி அது குறைந்தது 22 கிலோநியூட்டன் இழுவிசையை, அதாவது 2,200 கிலோகிராமுக்கும் அதிகமான பாரத்தைத் தாங்க வேண்டும். ஒரு மனிதனின் எடையோ அதில் இருபதில் ஒரு பங்கை எட்டுவதே அரிது. அப்படியாயின் கயிறு ஏன் அறுகிறது என்ற வினா எழலாம்.

பாரத்தால் கயிறு அறுவது அபூர்வம். அதன் எதிரிகள் வேறு. முதலாவது எதிரி விளிம்பு. மொட்டைமாடிக் கைபிடிச் சுவரின் கூரிய ஓரத்தில், அல்லது அலுமினியத் தகட்டின் முனையில், பாரம் தாங்கிய கயிறு பக்கவாட்டில் உராயும்போது சில அசைவுகளிலேயே அறுந்துவிடக்கூடும். அதனாலேயே விளிம்புகளுக்குத் தடித்த உறையோ உருளையோ இடப்படுகிறது. இரண்டாவது எதிரி இரசாயனம். நைலோன் அமிலத்துக்கு ஈடுகொடுக்காது. ஆனால் சுவர் ஓடுகளில் படிந்த சீமெந்துக் கறையையும் உப்புப் படிவையும் நீக்க எமது நாட்டில் அமிலம் தாராளமாகப் பயன்படுத்தப்படுகிறது. தன்னைத் தாங்கும் கயிற்றின் மீதே தொழிலாளி அமிலத்தைத் தெளித்துக்கொள்கிறார் என்பதை அவருக்கு எவரும் சொல்லியிருக்கமாட்டார்கள். மூன்றாவது எதிரி வெயில். மாதக்கணக்கில் வெயிலில் கிடக்கும் கயிறு, வெளித்தோற்றத்தில் பழுதின்றியே பலமிழக்கிறது.

நான்காவது பிழை கயிற்றில் அன்றி அதைக் கட்டிய இடத்தில் நிகழ்வது. மேலே ஏறியவர் கண்ணில் பட்டதில் கட்டுகிறார். தண்ணீர்த் தாங்கியின் கால், துருப்பிடித்த கைபிடிக் குழாய், அன்ரெனா கம்பம் எனக் கிடைத்ததெல்லாம் பிணைப்புப் புள்ளியாகிறது. முறையான பிணைப்புப் புள்ளி 15 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ ஒன்றரைத் தொன் பாரத்தைத் தாங்கக்கூடியதாக இருத்தல் வேண்டும். கைபிடிக் குழாய் அதற்காக அமைக்கப்பட்டதல்ல.

பத்தாவது மாடியின் உயரம் சுமார் 30 மீற்றர். அங்கிருந்து விழும் உடல் நிலத்தை அடைய எடுக்கும் நேரம் ஏறத்தாழ இரண்டரை வினாடிகளாகும். மேற்கூறிய நான்கு பிழைகளில் எது நேர்ந்தாலும் அந்த இரண்டரை வினாடிக்குள் செய்யக்கூடியது எதுவுமில்லை. செய்ய வேண்டியவை அனைத்தும் இறங்குவதற்கு முன்னரே செய்யப்பட்டிருக்க வேண்டும்.

விழாவிட்டாலும் ஆபத்து

காப்புக் கயிறு தாங்கிக்கொண்டதும் எல்லாம் முடிந்துவிட்டது எனக் கருதுவதும் தவறாகும். உடற்பட்டியில் அசைவின்றித் தொங்கும் ஒருவரின் கால்களில் இரத்தம் தேங்குகிறது. மூளைக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. மயக்கமுற்றோ காயமுற்றோ தொங்குபவருக்குச் சில நிமிடங்களே பேராபத்தாகிவிடலாம். காலி வீதியின் வாகன நெரிசலைக் கடந்து தீயணைப்புப் படையினர் வரும்வரை அவர் காத்திருக்க இயலாது. ஆகவேதான் இம்முறையில் எவரும் தனியே இறங்குவதில்லை. குழுவில் உள்ளோரே அவரை உடனடியாகக் கீழிறக்கத் தெரிந்தவர்களாக இருத்தல் கட்டாயம். வேலை தொடங்குமுன் மீட்புத் திட்டம் தயாராக இருக்க வேண்டும்.

ஐராட்டா முறையில் மூன்று படிநிலைகள் உள்ளன. முதற்படிக்கு நான்கு நாட் பயிற்சியும் அதன்பின் சுயாதீனப் பரீட்சகர் ஒருவரின் சோதனையும் அவசியம். ஓராண்டு அனுபவமும் கயிற்றில் 1,000 மணித்தியால வேலையும் பதிவேட்டில் பதியப்பட்ட பின்னரே அடுத்த படிக்குத் தோற்றலாம். மூன்றாம் படிக்கும் அவ்வாறே. வேலைத்தளத்தில் மூன்றாம் படியினர் ஒருவர் மேற்பார்வையாளராக இருந்தேயாக வேண்டும். சான்றிதழும் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும்.

இத்தகைய ஒழுங்கோடு செய்யப்படும்போது இம்முறை எவ்வளவு பயனுள்ளது என்பதற்கு வொஷிங்டன் நினைவுத்தூபி நல்ல உதாரணமாகும். 169 மீற்றர் உயரமான அக்கற்றூபி 2011 ஓகஸ்ட் 23ஆம் திகதி ஏற்பட்ட 5.8 அளவான பூமியதிர்ச்சியில் வெடிப்புற்றது. சில வாரங்களில் பொறியியலாளர்களே கயிற்றில் இறங்கி, கற்களைக் கையால் தொட்டுப் பரிசோதித்து, சேதங்களைப் பதிவுசெய்தனர். ஆனால் திருத்த வேலை தொடங்கியபோது தூபி முழுவதையும் சுற்றிச் சாரம் கட்டப்பட்டது. 2014 மே மாதத்தில் அது மீளத் திறக்கப்பட்டது. பரிசோதனைக்குக் கயிறு, பாரமான திருத்தத்துக்குச் சாரம் என வேலைக்கேற்ற வழியைத் தெரிவுசெய்தமை இதில் கற்க வேண்டிய பாடமாகும்.

துணிச்சல் போதுமா?

எமது மக்களுக்கு உயரம் புதிதல்ல. யாழ்ப்பாணத்துப் பனந்தோப்புகளில் தளைநாரைக் காலில் மாட்டி ஏறும் சீவல் தொழிலாளரையும், களுத்துறை, வாதுவைப் பகுதிகளில் தென்னைக்குத் தென்னை கட்டிய கயிறுகளில் நடந்து கள் இறக்குவோரையும் நாம் அறிவோம். திறமைக்கும் துணிவுக்கும் இந்நாட்டில் பஞ்சமில்லை. ஆனால் மரத்திலிருந்து விழுந்து முள்ளந்தண்டு முறிந்து படுக்கையில் காலம் கழித்தவர்களையும் அதே கிராமங்கள் அறியும். துணிவு கயிற்றுக்கு மாற்றாகாது. திறமைசாலி எனப் புகழ்வதே, அவருக்குப் பாதுகாப்பு தேவையில்லை எனச் சொல்லும் நாகரிகமான வழியாக எம்மிடையே மாறிவிட்டது.

தொழிலிடப் பாதுகாப்புக்குப் பல தசாப்தங்களாக அடித்தளமாக இருந்து வந்தது 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமாகும். அது இயற்றப்பட்ட காலத்தில் கொழும்பில் இத்தகைய உயர்மாடிகளும் இல்லை, இத்தொழில்நுட்பமும் இல்லை. விபத்துக்குள்ளான தொழிலாளிக்கு நட்டஈடு வழங்குவதற்கான கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டிலேயே வந்தது. 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத்துக்கான தேசிய நிறுவகமும் ஏற்படுத்தப்பட்டது. 2022 ஜூனில் சர்வதேசத் தொழில் மாநாடு, பாதுகாப்பான தொழிற்சூழலை அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. உறுப்பு நாடுகள் அனைத்தும் அதனை மதித்து முன்னெடுக்கக் கடமைப்பட்டவை.

ஆயினும் சட்டம் தொழிலாளியைச் சென்றடையும் பாதை நீளமானது. கட்டடத்தின் நிர்வாகம் ஒரு ஒப்பந்தக்காரரிடம் வேலையைக் கொடுக்கிறது. அவர் உப ஒப்பந்தக்காரரிடம் கொடுக்கிறார். அவர் நாட்சம்பளத்துக்கு நால்வரை அழைத்து வருகிறார். எழுத்தில் எதுவும் இராது. விபத்து நேர்ந்தால், இறந்தவர் யாருடைய தொழிலாளி என்பதை நிரூபிக்க வேண்டிய நிலை அவருடைய மனைவிக்கே ஏற்படுகிறது.

கூட்டத்தில் உயர்ந்த கைகள்

இந்த இடத்தில் பழியை ஒப்பந்தக்காரர் மீது மட்டும் சுமத்திவிட முடியாது. தொடர்மாடி வீட்டுரிமை தொடர்பான 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், வெளிச்சுவர் உள்ளிட்ட பொதுப் பகுதிகளைப் பராமரிப்பது வீட்டு உரிமையாளர்களை உள்ளடக்கிய முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பாகும். அதாவது அந்தத் தீர்மானத்தை எடுப்பவர்கள் நாமே.

சில வருடங்களுக்கு முன்னர் தொடர்மாடியொன்றின் கூட்டத்தில் இக்கட்டுரையாளர் கலந்துகொண்டார். வெளிச்சுவருக்கு வர்ணம் பூச மூன்று விலைமனுக்கள் கிடைத்திருந்தன. அவற்றுள் உயர்ந்த தொகையைக் கோரியவர், இரட்டைக் கயிறு, பயிற்றப்பட்ட மேற்பார்வையாளர், காப்புறுதி ஆகியவற்றைத் தனித்தனியே எழுதிக் காட்டியிருந்தார். 'இதெல்லாம் எதற்கு?' என ஒருவர் கேட்டார். எவரும் பதிலளிக்கவில்லை. பத்து நிமிடங்களில் ஆகக் குறைந்த விலைமனு தெரிவாகியது. ஆதரித்து உயர்ந்த கைகளில் இக்கட்டுரையாளருடையதும் ஒன்று. வேலை முடிந்தது, விபத்தெதுவும் நேரவில்லை. அது எமது நற்பேறேயன்றி நற்செயலன்று. பலகையில் தொங்கிய அந்த இளைஞர்களின் பெயரைக்கூட நாம் கேட்டறியவில்லை.

அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் சிலவே. ஒவ்வொருவருக்கும் இரண்டு கயிறுகள், இரண்டு தனித்தனிப் பிணைப்புப் புள்ளிகள் உண்டா? அப்புள்ளிகளைத் தகுதியுள்ள ஒருவர் சோதித்தாரா? இறங்குபவர்கள் பயிற்சி பெற்றதற்கு ஆதாரம் உண்டா, மேற்பார்வையாளர் நாள் முழுவதும் தளத்தில் இருப்பாரா? ஒருவர் மயங்கினால் யார், எவ்வாறு அவரைக் கீழிறக்குவார்? காப்புறுதி உப ஒப்பந்தக்காரரின் ஆட்களையும் உள்ளடக்குகிறதா? சுவரின் கீழ்ப்பகுதி நடமாட்டத்துக்கு மூடப்படுமா? பலத்த காற்று வீசும் நாட்களிலும், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் பிற்பகல் இடிமின்னல் வேளைகளிலும் வேலை நிறுத்தப்படுமா? இவற்றுக்கு எழுத்தில் பதில் தராத விலைமனு எவ்வளவு மலிவானதாயினும் ஒதுக்கப்பட வேண்டியதே.

குடியிருப்பாளருக்கும் கடமை உண்டு. 2021 ஒக்டோபரில் தாய்லாந்தில், பாங்கொக் நகரை அண்டிய தொடர்மாடியொன்றில், தமது யன்னலுக்கு வெளியே முன்னறிவித்தலின்றி வர்ணம் பூசுவோர் தோன்றியதால் ஆத்திரமுற்ற பெண்ணொருவர் அவர்களுடைய கயிற்றை வெட்டினார். 26ஆம் மாடியில் வசித்தவர்கள் யன்னலைத் திறந்து உள்ளே எடுத்ததால் தொங்கிய இருவரும் உயிர்பிழைத்தனர். மூர்க்கமான செயல்தான். எனினும் முன்கூட்டியே அறிவித்தல் ஒட்டுவது எவ்வளவு அவசியம் என்பதை அது உணர்த்துகிறது. வேலை நடைபெறும் நாட்களில் மொட்டைமாடிக் கதவைப் பூட்டி, அங்கு எவரும் கயிறுகளைத் தொடாதவாறு காவலிடுவதும் அவசியமே.

இது தொடர்மாடிகளுக்கு மட்டும் உரிய விடயமன்று. பெருநாளுக்கு முன்னர் வெள்ளை பூசப்படும் மினாராவும், திருவிழாவுக்கு மின்விளக்குக் கட்டப்படும் கோபுரமும், தேவாலய மணிக்கூண்டும் இதே கேள்விகளுக்கு உட்பட்டவையே. இறைபணி என்பதால் புவியீர்ப்பு விசை விலக்களிப்பதில்லை. நம்பிக்கைப் பொறுப்பாளர்களும் பரிபாலன சபையினரும் இதனை மனங்கொள்வது நன்று.

முறையான பயிற்சி எமது இளைஞர்களுக்கு ஒரு வாய்ப்புமாகும். 828 மீற்றர் உயரமான புர்ஜ் கலீபாவின் உச்சிப் பகுதிகளைத் துடைப்பதற்கு இன்றும் கயிற்றில் தொங்கும் மனிதர்களே தேவைப்படுகின்றனர். வளைகுடா நாடுகளுக்குச் செல்லவிருக்கும் இளைஞன் கையில் சான்றிதழோடு செல்வதற்கும், வெறுங்கையோடு சென்று யாரோ நீட்டும் கயிற்றைப் பற்றிக்கொள்வதற்கும் இடையே உள்ள வேறுபாடு சம்பளத்தில் மட்டும் அடங்குவதல்ல. தொழிற்பயிற்சி நிலையங்கள் இது குறித்துச் சிந்திக்க வேண்டும்.

சட்டங்கள் திருத்தப்படுவதற்குக் காலம் எடுக்கலாம். அதுவரை எம்மால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை உயர்மாடிச் சுவரொன்றில் ஒரு மனிதர் தொங்குவதைக் கண்டால் ஒரு கணம் நின்று கயிறுகளை எண்ணிப் பாருங்கள். ஒன்றே இருக்குமாயின் அக்கட்டடத்தின் காவலாளியிடமோ நிர்வாகியிடமோ சென்று, 'மற்றக் கயிறு எங்கே?' என்று கேளுங்கள். அது உங்களுடைய கட்டடமாயின், அடுத்த கூட்டத்தில் கை உயர்த்துவதற்கு முன்னர் கேளுங்கள்.